கொக்கிளாயைத் தேடும் சோதனை: அஜைல் குழுக்களும் வன்னி நிலத்தின் அறிவும்

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு மென்பொருள் வல்லுநர்களின் அஜைல் அறிக்கையும் அதனைச் சார்ந்த கோட்பாடுகளும் இயங்கும் மென்பொருளையே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோலாகக் கொண்டமையால், சோதனை என்பது கட்டி முடித்த பின்னர் இடப்படும் முத்திரை என்ற பழைய எண்ணம் தளர்ந்தது. ஸ்பிரின்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்று ஒவ்வொன்றின் முடிவிலும் பயன்படத்தக்க மென்பொருள் கைக்கு வரவேண்டுமாயின், நிரல் எழுதுவதும் சோதிப்பதும் கூடவே நடந்தாக வேண்டும். கென்ட் பெக் பரப்பிய முறையில், நிரலின் சிறு கூறுகளைத் தனித்தனியே பரிசோதிக்கும் அலகுச் சோதனை நிரலுக்கு முன்னரே எழுதப்படுகிறது. ஆயினும் நிரலாளர் எண்ணியது நடக்கிறதா என்பதையே அது காட்டுகிறது. எண்ணியதே சரியா என்பதை, பயனாளரின் தேவையை எடுத்துக்காட்டுகளாக வகுக்கும் ஏற்புச் சோதனைதான் காட்ட வல்லது. அந்த எடுத்துக்காட்டுகள் நிலத்தை அறிந்தவரிடமிருந்தே வரமுடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகமும் கணினித்துறைப் பட்டதாரிகளை உருவாக்கும் இலங்கையின் வன்னியில், இவ்வாதம் வெறும் கோட்பாடு அன்று. முல்லைத்தீவு மாவட்டப் பிரதேச செயலகமொன்றின் குடும்பப் பதிவுகளைக் கணினிப்படுத்தும் குழுவொன்றை எடுத்துக்கொள்ளலாம். கொக்கிளாய் என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும், ஒற்றைக் கொம்பையும் அரவையும் இரு குறியீடுகளாக அடுத்தடுத்து இட்டும் யுனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதமுடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஆனால் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கல் என்ற படிநிலையைத் தவறவிட்ட தேடலுக்கு அவை வேறுவேறு சொற்கள். ஏட்டில் இருக்கும் கிராமம் திரையில் இல்லாமற் போகும். ஆங்கில எழுத்துக்களால் மட்டும் ஆன சோதனைத் தரவுகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் இப்பிழை வெளிப்படாது.

தேசிய அடையாள அட்டை இலக்கமும் இத்தகையதே. பிறந்த நாளை ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக அது குறிக்கிறது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படுகிறது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணப்படுவதால், மார்ச் 1 எல்லா ஆண்டுகளிலும் 61ஆம் நாளாகும். வழமையான நாட்காட்டி நிரல் நூலகத்தை நம்பி எழுதப்பட்ட நிரலோ, 1985இல் மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் 561 என்ற எண்ணை மார்ச் 2 என்று வாசித்துவிடும். பழைய ஒன்பது இலக்க வடிவமும் 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க வடிவமும் ஒருங்கே புழங்குவதால், ஒரே ஆளுக்கு இரு பதிவுகள் விழும் வாய்ப்பும் உண்டு.

இவற்றை எழுத்தராகவோ கிராம அலுவலராகவோ பணியாற்றுபவர் ஒரு மணிநேர உரையாடலில் சொல்லிவிடுவார். அவர்களுக்கு நேரமில்லை என்று அவ்வுரையாடலைத் தள்ளிவைக்கும் குழு, பிழைபட்ட பதிவுகளைத் திருத்துவதற்காக அதே எழுத்தரின் பல நாட்களை எடுத்துக்கொள்ள நேரிடும். அதற்குள் பொதுமக்களும் பலமுறை அலைந்திருப்பர். ஆகவே ஸ்பிரின்ட் திட்டமிடும் கூட்டத்திலேயே அவர் இருக்கவேண்டும். அவர் சொன்ன கொக்கிளாயும் 561உம் தானியங்கிச் சோதனைகளாக எழுதப்பட்டால், நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் அவை ஓடும். அவற்றை எழுதிய பட்டதாரி கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சென்ற பின்னரும், அடுத்து வருபவர் அறியாமல் உடைக்கும் இடத்தில் அவை சிவப்பாக எரியும்.