இசை ஒலித்த மருத்துவசாலை

உடலுக்கு மருந்து, உள்ளத்திற்குக் கலை என்று பிரித்துப் பார்ப்பது இக்கால வழக்கம். முற்காலத்தில் பல சமூகங்கள் இவ்விரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தன என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது.

கிரேக்க நாட்டின் எபிடாரஸில் மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலேபியஸின் கோயில் இருந்தது. நோயாளிகள் அங்கே நீராடி, வழிபட்டு, இரவில் மண்டபத்தில் துயில்வர். கனவில் தெய்வம் தோன்றிக் குணமளிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை ஒட்டியே பெரியதொரு நாடக அரங்கமும் எழுப்பப்பட்டது. அது இன்றும் நிலைத்து நிற்கிறது.

இதனினும் தெளிவான சான்று துருக்கியின் எதிர்னே நகரில் உள்ளது. ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் பயசித் 1488இல் அங்கே பள்ளிவாசல், மருத்துவக் கல்விக்கூடம், அன்னசாலை ஆகியவற்றுடன் மருத்துவசாலை ஒன்றையும் நிறுவினார். அதன் குவிமாடக் கூடத்தின் நடுவே நீரூற்று. சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். 17ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற எவ்லியா செலெபி என்னும் பயணி, பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப் பேர் வாரத்தில் மூன்று நாட்கள் நோயாளிகளுக்காக இசைத்தனர் என்றும், நறுமண மலர்கள் வழங்கப்பட்டன என்றும் எழுதினார். மனநோயாளர் சிலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் அவர் மறைக்கவில்லை. குறைகள் இருந்தன, ஆயினும் மனம் பேதலித்தவரும் இன்னிசைக்கு உரியவரே என்று அங்கு கருதினர். லண்டன் பெத்லம் மருத்துவமனையிலோ, 18ஆம் நூற்றாண்டிலும் மனநோயாளரை வேடிக்கை பார்க்கப் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர்.

தமிழகத்திலும் நோய் தீர்க்கும் பணி கோயிலோடு இணைந்திருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதபாடசாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோருக்குரிய ஊதியமும் அதில் காணப்படுகிறது.

இன்றைய ஆய்வுகளும் இவ்வுறவைப் புறக்கணிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. அறுவைக்கு முன் எழும் அச்சத்தை இசை தணிக்கிறது. நடுக்குவாத நோயாளரின் நடைக்கு நடனம் துணைபுரிகிறது. எனினும் இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ உரிய மருந்தை நிறுத்திவிட்டு இசையை மட்டும் நம்புதல் ஆபத்தாகும்.

அந்நிய மண்ணில் பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதியோர் பலர். அவர்கள் வாரம் ஒருநாள் பஜனையில் குரல் சேர்ப்பது பக்தியோடு ஆரோக்கியத்திற்கும் உதவும். அவர்களைக் காரில் ஏற்றி அழைத்துவருவதும் ஒரு மருத்துவப் பணியே எனலாம்.