கூடைப்பந்தும் கூச்சலும்

தூத்துக்குடியில் ஒரு கூடைப்பந்துப் பந்தயம் என்றால், ஆடுகிறவர்கள் பத்துப் பேர். நடுவர்கள் இரண்டு மூன்று பேர். தீர்ப்புச் சொல்கிறவர்களோ சுற்றி நிற்கும் அத்தனை பேரும்! ஓடி வரும் பையன் பந்தைப் பிடித்து, எட்டு வைத்துத் தாவிக் கூடைக்குள் போடுகிறான். "மூணு ஸ்டெப்பு! ரெபரிக்குக் கண் இல்லையா?" என்று கூட்டம் அலறுகிறது. விசில் ஊதாத மனிதர் மீது வீண்பழி விழுகிறது.

இந்தத் தகராறு ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயர மாடிக் கைப்பிடியில் அறைந்து, பதின்மூன்று விதிகள் எழுதினார். பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஆட்களைக் கவனிக்க ஓர் அதிகாரி, பந்தைக் கவனிக்க ஓர் அதிகாரி. மாடியில் நின்ற ரசிகர்களைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை! அவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். கூடைக்குப் பின்னே பலகை வந்தது அதைத் தடுக்கத்தான்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்கு ஆட்டத்தையும் விதியையும் கொண்டு போனார்கள். பின்னர் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவன், அந்தக் கணத்தில் தரையிலுள்ள காலைக் கணக்கில் சேர்க்காமல் மேலும் இரண்டு எட்டு வைக்கலாம் என்று 2017-இல் சர்வதேச விதி திருந்தியது. நம் ரசிகரோ, தாம் பள்ளிக்கூடத்தில் கற்ற விதியைக் கொண்டே இன்றைய ஆட்டத்தை அளக்கிறார். நடுவர் நேற்று இரவு புத்தகம் படித்தவர். இவர் முப்பது வருஷத்துக்கு முன் படித்தவர். இருவருமே யோக்கியர்கள்தாம்!

இந்தக் கடற்கரை பழைய தீர்ப்பு முறை ஒன்றை அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பில், கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று சமக் குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதை அதிகாரி பிறகுதான் சொல்வார். எது தமக்கு வரும் என்று தெரியாதபோது, குறைத்துக் குவிக்க யாருக்கு மனம் வரும்? விதி என்ன என்பதும் எல்லார் கண்ணெதிரே மணலில் கிடந்தது.

ஆடுகளத்தில் நடுவர் விசிலுக்குப் பிறகு கையால் ஜாடை காட்டுவதும் அதற்காகத்தான்: எதற்கு ஊதினேன், பந்து யாருக்கு என்று ஊருக்குச் சொல்ல. அந்த ஜாடைகளைப் பந்தயத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிஷம் விளக்கினால், நடுவர் நிம்மதியாக வீடு போய்ச் சேருவார். கூச்சல் அப்போதும் இருக்கும்; சரியான இடத்தில் இருக்கும்.