கூடப் போட்டால் குறையும்: பாஸ்போனேட்டின் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் வந்தபோது, "ஹாஸ்டல் நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் என் பிழைப்பைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். தொழிற்சாலைகளின் கூலிங் டவர் தண்ணீரோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் நான். இப்போது கெமிஸ்ட்ரி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது பயன்படலாம்.

நம்ம ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியம் கார்பனேட்தான் அங்கேயும் குழாய்களை அடைக்கிறது. அதைத் தடுக்க என்ன வழி? இருக்கிற கால்சியத்துக்கு ஈடாக மருந்து போடணும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 1930-களில் அந்தக் கணக்கு உடைந்தது. பாசன நீரில் அம்மோனியாவை உரமாகக் கலந்தபோது காரத்தன்மை ஏறி, சுண்ணாம்பு படிந்தது. ரோசன்ஸ்டைன் என்பவர் அதில் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டைச் சில பி.பி.எம். மட்டும் சேர்த்தார். படிவு நின்றுபோயிற்று! 1936-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 200 பி.பி.எம். கடினத்தன்மையுள்ள நீருக்கு 2 பி.பி.எம். என்று வையுங்கள், எடைக் கணக்கில் நூறுக்கு ஒன்று. ஹாட்ச், ரைஸ் இருவரும் 1939-ல் எழுதிய கட்டுரை இதை மேற்பரப்பின் வேலையாகப் பார்த்தது. மருந்து கால்சியத்தை எல்லாம் பிடித்து வைப்பதில்லை. முளைவிடும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சூடான நீரில் இந்தப் பாலிபாஸ்பேட் மெல்ல உடைந்து சாதாரண பாஸ்பேட்டாகிவிடும். அது கால்சியத்தோடு சேர்ந்து சேறாகப் படியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை! எளிதில் உடையாத கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பு கொண்ட பாஸ்போனேட்டுகள்தான் இதற்கு விடையாயின. மான்சான்டோவைச் சேர்ந்த மோட்ரிட்சரும் இரானியும் அம்மோனியா, பார்மால்டிஹைடு, பாஸ்பரஸ் அமிலம் மூன்றிலிருந்தும் நேராக இவற்றைத் தயாரிக்கும் முறையை 1966-ல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ், உடம்பில் சுண்ணம் படிவதைத் தடுக்க இதே குடும்பத்துப் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் கூலிங் டவரில் ஊற்றும் எச்.இ.டி.பி.யும், 1977-ல் அமெரிக்காவில் பேஜட் என்ற எலும்பு நோய்க்கு அனுமதி பெற்ற எட்டிட்ரோனேட்டும் ஒரே மூலக்கூறுதான். இதைச் சொன்னால் எங்கள் ஆபரேட்டர்கள் நம்பவே மாட்டார்கள்.

இனிமேல்தான் சங்கதி. பாஸ்போனேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகும். பி.எச். ஏற ஏற பாஸ்போனிக் அமிலத்தின் ஹைட்ரஜன்கள் கழன்று, அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். கடினத்தன்மையும் சூடும் கூடினால் கால்சியம் பாஸ்போனேட் வெள்ளையாக இறங்கிவிடும். ஒரு தொழிற்சாலையில் கோடையில் மருந்தை இரட்டிப்பாக்கினார்கள், கூடப் போட்டால் நல்லதுதானே என்று. படிவு குறையவில்லை. சுரண்டி எடுத்துச் சோதித்தால் அதில் கணிசமாகப் பாஸ்பரஸ்! தடுக்க வந்த மருந்தே படிவாகியிருந்தது. நீரில் மிஞ்சிய மருந்தோ தேவைக்குக் கீழே. அளவைக் குறைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு பி.எச்.சை இறக்கிய பிறகுதான் குழாய் தெளிந்தது.

எங்களுக்குத் தொல்லையான இந்த உப்பை எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் வேலைக்காரனாக்கிக்கொண்டார்கள். பாஸ்போனேட் கரைசலைக் கிணற்றின் வழியே பாறைக்குள் அழுத்திச் செலுத்தி, ஒரு நாள் போலக் கிணற்றை மூடிவைப்பார்கள். பாறையிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது அங்கேயே தங்கிவிடும். கிணறு மறுபடி ஓடும்போது, கரைதிறன் மிகக் குறைவு என்பதாலேயே, சில பி.பி.எம். அளவில் மாதக்கணக்கில் கரைந்து வந்துகொண்டிருக்கும். கிணற்றிலிருந்து வரும் நீரை அவ்வப்போது சோதிப்பார்கள். அளவு தேவைக்குக் கீழே இறங்கினால் மறுபடி ஒரு தடவை செலுத்துவார்கள்.