பாசிக்குடாவுக்கு அப்பால் ஒரு போர்க்களம்

பாசிக்குடாவில் கடல் தன் ஆழத்தைக் காட்டுவதில்லை. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. அலையும் அடங்கித்தான் வரும். அந்தச் சாந்தமான குடாவுக்கு அப்பால், கடலடியில் 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்' என்ற எண்ணெய்க் கப்பல் 1942 ஏப்பிரல் 9 முதல் கிடக்கிறது. தெற்கே மட்டக்களப்புக்கு நேரே, இன்னும் ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. இவை இங்கே வந்து மூழ்கிய கதை வெகு தொலைவில், பசுபிக் சமுத்திரத்தில் தொடங்குகிறது, நேயர்களே.

அங்கே வேக் என்றொரு சிறு தீவு. பூர்வ குடிகள் எவருமில்லாத அத்தீவை அமெரிக்கா தன் காவலரணாக்கியிருந்தது. 1941 டிசெம்பரில் யப்பான் போரில் இறங்கியபோது அங்கிருந்த கடற்படைத் துருப்பினர் சுமார் 450 பேர்தான். டிசெம்பர் 11இல் கரையிறங்க வந்த யப்பானியரை அவர்கள் விரட்டியடித்தார்கள். அதன்பின் 'ஹிர்யூ', 'சொர்யூ' என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்தன. தீவுக்கு உதவியாகப் புறப்பட்ட அமெரிக்கக் கப்பற்படையோ பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டது. டிசெம்பர் 23இல் வேக் வீழ்ந்தது.

அதே இரு கப்பல்களும் மறு வருடம் நமது கடலுக்கு வந்தன. தளபதி நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிகளுள் அவையும் இருந்தன. சிங்கப்பூர் அதற்குமுன் பெப்ரவரியிலேயே வீழ்ந்துவிட்டதால், பிரித்தானியருக்கு இந்து சமுத்திரத்தில் இலங்கை இன்றியமையாத காவலரணாகியிருந்தது. வந்த படையை ஏப்பிரல் 4இல் கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் கண்டு செய்தி அனுப்பினார்; அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலையின் முறை.

ஹேர்மிஸ் முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டு விலகித் தெற்கே வந்திருந்தது. ஆனால் அதன் விமானங்கள் சீனன்குடாத் தளத்தில் இறக்கி விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல், தாங்குவதற்கு ஒரு விமானமும் இல்லாமல் கடலில் நின்றது! திரும்பி வரும்படி கட்டளை கிடைத்து அது வடக்கே திரும்பியிருந்த வேளையில், காலை பத்தரை மணியளவில் யப்பானிய விமானங்கள் அதன்மீது பாய்ந்தன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட போர்விமானங்கள் வந்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரை நீரிலிருந்து மீட்டது. துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் 'வாம்பயர்' உம் அன்றே மூழ்கியது.

வென்றவர்களுக்கும் காலம் கணக்கு வைத்திருந்தது. இரண்டே மாதங்களில், மிட்வே என்ற இன்னொரு பசுபிக் தீவைப் பிடிக்கச் சென்றபோது ஹிர்யூ, சொர்யூ, அக்காகி ஆகிய மூன்றும் அழிந்தன. இலங்கைக்கு வந்த ஐந்தில் மூன்று!

இந்த வரலாற்றை நாம் ஏன் நினைக்க வேண்டும்? வேக்கிலும் ஹேர்மிஸிலும் நடந்தது ஒன்றே. காவலுக்கு நிறுத்தியவர்கள் தொலைவில் இருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. வேக் வெறுந்தீவு. இங்கேயோ வாவியில் வலை வீசியவர்களும் வயலில் சூடு மிதித்தவர்களும் இருந்தார்கள். ஒருவருடைய தொலைதூரக் காவலரண் இன்னொருவருடைய ஊர்.

காவலரண் என்பது மட்டக்களப்பார் அகராதி பார்த்து அறியவேண்டிய சொல்லல்ல. 2009 வரை நீண்ட நமது சொந்த யுத்தத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரண்களைத் தெருத்தெருவாகக் கண்டவர்கள் நாம். அதனுள்ளே நின்ற பையனும் எங்கோ ஒரு தாயின் பிள்ளை என்பதும், அதன்முன்னே அடையாள அட்டையுடன் நின்றவர்களின் நடுக்கமும் நமக்குத் தெரியும்.

இனிப் பாசிக்குடாவில் கால் நனைக்கும்போது, அந்த இளம்பச்சை நீருக்கு அப்பால் ஒருகணம் பாருங்கள். ஊர் தெரியாத கடலில், எட்டு மைல் சுற்றில் ஒரு முகமும் அறியாமல் மாண்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். அவர்களை நினைக்க நமக்கு அவர்களுடைய கொடி வேண்டியதில்லை.