உயிரணு மடியும் முன்பே

நடை தள்ளாடி நாக்குழறும் ஒருவரைக் குடிகாரர் என்று ஊர் எளிதில் முடிவுகட்டிவிடும். பாலக்காட்டுச் சித்தூராயினும் இடுக்கி மறையூராயினும் இதில் வேறுபாடில்லை. சிறுமூளை சிதைவதாலும் அவ்வாறு நேரும். அச்சிதைவு பெற்றோர் வழி வந்ததாகவும் இருக்கலாம். எஸ்.சி.ஏ.1 எனப்படும் தண்டுவடச் சிறுமூளைத் தள்ளாட்ட நோய் அத்தகையது. தமிழகத்தில் ஒரு சமூகத்தாரிடையே அது மிகுந்து காணப்படுவதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழ்க் கட்டுரையொன்று பதிவு செய்தது. ஆதலின் கீழ்வரும் எலிகளின் வரலாறு நமக்கு அயலானதன்று.

1993 ஏப்ரல் 8 அன்று, மினசோட்டாவில் ஹாரி ஆர் குழுவும் ஹூஸ்டனில் ஹுதா சோக்பி குழுவும் ஒரே நாளில் இந்நோயின் மரபணுப் பிழையைக் கண்டன. சி.ஏ.ஜி. என்னும் மூவெழுத்து அளவு மீறி அடுக்கி வருவதே அப்பிழை. அதனால் அட்டாக்சின்-1 புரதத்தில் குளுட்டமின் தொடர் நீள்கிறது. 1995இல், 82 அடுக்குகள் கொண்ட மனித மரபணுவைப் புர்கிஞ்சி உயிரணுக்களில் ஏற்ற எலிகள் தள்ளாடின. 30 அடுக்குகள் ஏற்றவை தள்ளாடவில்லை. பிழைப்புரதம் உட்கருவினுள் நுழையாதபடி செய்தால் நோயே தோன்றுவதில்லை என்று 1998இல் தெரியவந்தது. உட்கருவில் அதற்கு என்ன வேலை என்ற வினா அங்கே பிறந்தது.

விடையின் முதற்பகுதி 2000இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. நோயெலி, இயல்பெலி ஆகியவற்றின் சிறுமூளை ஆர்.என்.ஏ.க்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தபோது, கால்சியச் சமநிலைக்கும் சமிக்ஞைக் கடத்தலுக்கும் உரிய சில மரபணுக்களின் வெளிப்பாடு ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றியிருந்தது. உயிரணுக்களில் நுண்ணோக்கிக்குப் புலப்படும் சிதைவு எதுவும் அப்போது தொடங்கியிருக்கவில்லை. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது என் கருத்து. அதுவரை உயிரணு இறப்பே நோய் என்று கருதப்பட்டது. இனி அது நோயின் கடைசி அத்தியாயம் மட்டுமே.

ஓர் ஐயம் நியாயமானது. இவ்வெலிகளில் மரபணு இயற்கைக்கு மாறாக மிகையாக வெளிப்படுகிறது, மனிதரில் அவ்வாறில்லை. எனினும், இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலும் அதே குறைவு தென்பட்டதை அக்கட்டுரையே காட்டியிருந்தது.

2004இல் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பிழைமரபணுவை அணைக்கக்கூடிய எலிகள் உருவாயின. தொடக்கத்திலேயே அணைத்தபோது அவை முழுமையாக மீண்டன. காலந்தாழ்த்தி அணைத்தபோது ஓரளவே மீண்டன. நோயுற்ற பெற்றோரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இம்மரபணு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தள்ளாட்டம் தெரிந்தபின்பே அவர்கள் மருத்துவரிடம் வருகிறார்கள்.