பண்டிதை ரமாபாயும் பெண்கள் அச்சிட்ட வேதமும்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது, புனே தாண்டி தவுண்ட் வருவதற்கு முன்னால் கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். நம் வண்டி பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நாமும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் தாங்களே வேதம் படித்து, தாங்களே ஜெபித்து, தாங்களே பேசிய வரலாற்றில் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. அதற்குக் காரணம் பண்டிதை ரமாபாய் (1858–1922).

இவர் பிராமணக் குலத்தில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனைவிக்கு சமஸ்கிருதம் கற்பித்தார். தாயிடம் மகள் கற்றாள். 1874 பஞ்சத்தில் பெற்றோர் இறந்தனர். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் இவருக்கு 'சரஸ்வதி' பட்டம் அளித்தார்கள். 1882-ல் கைக்குழந்தையோடு விதவையானார்.

1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். இனிமேல் பேசத் தடையில்லை என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆசிரியையாக இருந்தபோது, ஆண்களுக்கும் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு எழுந்தது. இந்தியாவிலிருந்த பிஷப்புகள் கூடாது என்றார்கள். தன் தந்தையும் கணவரும் தடுக்காத ஒன்றை இவர்கள் தடுப்பது வியப்பாக இருக்கிறது என்று அந்த அம்மாள் பதில் எழுதினார். தனக்கும் மனசாட்சி உண்டு, சுயபுத்தி உண்டு என்றும் சொல்லிவிட்டார். மதம் மாறுவது வேறு, வாய் திறப்பது வேறு என்பதை அங்கேதான் கண்டுகொண்டார் போலும்.

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக 'சாரதா சதன்' தொடங்கினார். மறு வருஷம் அது புனேக்கு மாறியது. மாணவிகள் அவருடைய ஜெபத்தில் கலந்துகொள்கிறார்கள் என்று தெரிந்ததும், 1893-ல் வீட்டார் பலரை அழைத்துப் போய்விட்டார்கள். அந்தப் பெற்றோரின் கலக்கத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு 1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து அநாதைப் பெண்களைக் கூட்டி வந்தார். அவர்களுக்குக் கேட்காவில் உருவானதுதான் 'முக்தி'.

அங்கே பெண்கள் நெசவும் விவசாயமும் அச்சுத் தொழிலும் கற்றார்கள். 1905-ல் எழுப்புதல் உண்டானபோது, கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்குப் போய் சுவிசேஷம் சொன்னார்கள். ரமாபாயோ எபிரேயமும் கிரேக்கமும் கற்று, சாதாரணப் பெண்ணுக்கும் புரிகிற மராட்டியில் பைபிளை மொழிபெயர்த்தார். எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் முக்திப் பெண்களே. முழு நூல் அவர் மறைந்த பின் 1924-ல் வெளிவந்தது. பிறர் ஓதக் கேட்டுத் தலையாட்டியவள், தன் கையாலேயே வேதத்தை அச்சுக் கோத்தாள். இதைவிட வேறென்ன வேண்டும்?

சமணனான நான் பிற சமயத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் நீலகேசியின் தலைவி, சபைதோறும் சென்று வாதம் செய்தவள். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்று சொல்வதும் எங்கள் திகம்பர மரபுதான். எந்தச் சமயத்திலும் ஏட்டில் இடம் இருந்தால் மட்டும் போதாது. பெண் கையில் ஏடு இருக்க வேண்டும்.

நம் சங்க மேடைகளிலும் பெண் குரல் கடவுள் வாழ்த்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம். அடுத்த முறை ஊருக்குப் போகையில், கேட்காவ் வரும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.