விசைப்பலகை

விசை + பலகை. 'விசை' என்றால் வேகம், உந்தும் ஆற்றல். அழுத்தினால் இயங்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். விசைத்தறியிலும் விசைப்படகிலும் உள்ளது உந்தும் ஆற்றலைக் குறிக்கும் விசைதான். 'பலகை', கரும்பலகையால் வகுப்பறைக்குப் பழகிய சொல். இரண்டும் சேர்ந்து கீபோர்டுக்குத் தமிழ்ப் பெயராயின.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. அதில் இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். 'க'வை அடுத்து 'இ' தட்டினால் 'கி'. 'க'வை இருமுறை தட்டினால் 'க்க'. எழுத்திலக்கணமே விரலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்போகும் பி.எட். மாணவர்கள் இதைத் தட்டச்சாக மட்டுமன்றி, உயிர்மெய் கற்பிக்கும் கருவியாகவும் பயில வேண்டும்.